பன்னாட்டு நடனப் போட்டிக்கு விண்ணப்பிப்பது எப்படி: ஆடுபவருக்கும் நடன அமைப்பாளருக்கும்

கேள்வி இதுதான்: இளம் நடனக் கலைஞர் ஒருவரும், சொந்தமாகப் படைப்பு செய்யத் தொடங்கியிருக்கும் இளம் நடன அமைப்பாளர் ஒருவரும் பன்னாட்டுப் போட்டியில் கலந்துகொள்ள என்னென்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும்?

இருவருக்கும் பாதை வேறு. ஆனால் இருவருமே பெரும்பாலும் மேடைக்கு வரும் முன்பே தோற்கிறார்கள். தவறான போட்டியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், விதிகளை அரைகுறையாகப் படித்திருப்பார்கள், வீடியோவை அவசரத்தில் எடுத்திருப்பார்கள். அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் மேடைக்கு முந்தைய வேலையைப் பற்றியே இருக்கும்.

முதலில் எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள். அதற்கு, ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் 1973 முதல் நடக்கும் பிரி த லோசான் 15 முதல் 18 வயதுள்ள பாலே மாணவர்களுக்கானது. தொழில்முறையில் ஆடுகிறவர்களுக்கு இடமில்லை. வெற்றி பெற்றால் பெரிய பாலே பள்ளியிலோ குழுவிலோ சேர்ந்து பயில உதவித்தொகை கிடைக்கும். அங்கே மேடையில் ஆடும் சில நிமிடங்களை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வாரத்து வகுப்புகளிலும் நடுவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய யூத் அமெரிக்கா கிராண்ட் பிரி 9 முதல் 19 வயது வரை எடுத்துக்கொள்கிறது. பல நாடுகளில் அரையிறுதி நடத்தி, இறுதிச் சுற்றுக்கு அழைக்கிறார்கள். பள்ளிகளின் தலைவர்கள் நேரில் வந்து பார்ப்பதால் பதக்கம் கிடைக்காதவருக்கும் சேர்க்கை அழைப்பு வரலாம். பல்கேரியாவின் வார்னா போட்டி 1964-ல் தொடங்கியது. பாலே போட்டிகளில் மூத்தது. கடலோரத் திறந்தவெளி மேடை, பல சுற்றுகள் என்பதால் அதற்கு உடல் தாங்குதிறன் வேறு அளவில் வேண்டும். அமெரிக்காவின் ஜாக்சனில் 1979 முதல் நடக்கும் போட்டி நான்காண்டுக்கு ஒருமுறைதான் வரும். வயதைக் கணக்கிட்டு எந்த ஆண்டு போவது என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

நடன அமைப்பாளருக்கு இந்தப் பட்டியல் அவ்வளவாக உதவாது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நடக்கும் தனி நடன விழா போன்றவற்றில் அமைப்புக்கும் ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் பரிசு உண்டு. ஆடுபவரும் அமைப்பவரும் ஒருவராகவே இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பிரி த லோசானிலும் மாணவர்களின் சொந்தப் படைப்புக்கென அண்மையில் ஒரு பிரிவு வந்திருக்கிறது. பிரான்சின் பாஞோலேயில் 1969-ல் தொடங்கிய நடன அமைப்புப் போட்டி, பிற்காலத்தில் போட்டி வடிவத்தையே கைவிட்டு விழாவாக மாறிவிட்டது. இது ஒரு வரலாற்றுத் துணுக்காகத் தோன்றலாம். ஆனால் நடன அமைப்பாளருக்குப் பதக்கத்தை விடப் பயன்படுவது, தங்கிப் படைக்கும் வாய்ப்பும் அடுத்த மேடைக்கான அழைப்பும்தான் என்பது என் கருத்து. பரிசுப் பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹிப் ஹாப்பில் நிலைமை முற்றிலும் வேறு. பிரான்சில் 2002-ல் தொடங்கிய ஜுஸ்ட் டபு மாதிரியான பேட்டில்களில் (இருவரோ இரு அணிகளோ நேருக்கு நேர் ஆடும் போட்டி) டிஜே போடும் பாட்டுக்கு அந்த நொடியில் ஆட வேண்டும். மனப்பாடம் செய்து கொண்டுபோன ஐட்டம் அங்கே எடுபடாது.

பெயரில் மட்டும் பன்னாட்டுப் போட்டிகளும் நிறைய உண்டு. வீடியோ கேட்காமலே தேர்வாகிவிட்டதாக மின்னஞ்சல் வருவது, அவர்கள் சொல்லும் ஹோட்டல் பேக்கேஜை வாங்கியே ஆக வேண்டும் என்பது, நடுவர் பெயர்களைக் கட்டணம் கட்டிய பிறகு சொல்வது, சென்ற ஆண்டு முடிவுகள் எங்குமே இல்லாதது, ஒரு பிரிவில் மூன்று பேர் ஆடி மூவருக்கும் முதல் பரிசு கொடுப்பது ஆகியவை அடையாளங்கள். அனுபவத்துக்காகப் போவதென்றால் போகலாம், தப்பில்லை. சுயவிவரத்தில் அதற்கு மதிப்பிருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

விதிகளைப் படிக்கும்போது

விதிப்புத்தகத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பேனாவோடு உட்காருங்கள். வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பது முதல் கேள்வி. சில போட்டிகள் ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள்ளும், சில போட்டி தொடங்கும் நாளை, சில இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையே பிறந்தவர் என்று நேரடியாகச் சொல்லிவிடும். டூயட்டிலும் குழுவிலும் சராசரி வயதா, மூத்தவரின் வயதா என்பதும் மாறும். குழுவில் ஒருவர் மூன்று வாரம் மூத்தவராக இருந்ததால் மொத்தக் குழுவும் மேல் பிரிவுக்குத் தள்ளப்படுவது சாதாரணமாக நடக்கும். பிறந்த தேதியை விண்ணப்பத்தில் எழுதும்போது நாள் முதலிலா மாதம் முதலிலா என்று பாருங்கள். 04/05 என்பது ஒரு நாட்டில் மே 4, இன்னொரு நாட்டில் ஏப்ரல் 5.

அடுத்தது ‘தொழில்முறை’ என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம். ஒரு குழுவில் சம்பளம் வாங்கிய ஒப்பந்தம் இருந்தாலே சிலர் விலக்குவார்கள். குழுவில் பயிற்சி நிலையில் (அப்ரண்டிஸாக) இருந்தால் அனுமதிப்பவர்களும் உண்டு. மறைக்க வேண்டாம். வெற்றி பெற்ற பிறகு தெரிந்தால் பரிசைத் திரும்பப் பெறுவார்கள்.

பிரிவின் வரையறையையும் வரிக்கு வரி படியுங்கள். கன்டெம்பரரி, மாடர்ன், லிரிகல், ஜாஸ் என்று நாம் சாதாரணமாக மாற்றி மாற்றிச் சொல்வதை விதிப்புத்தகம் தனித்தனியாக வகுத்திருக்கும். குட்டிக்கரணம் போன்ற அக்ரோபாட்டிக் அசைவுகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கலாம். சிறு வயதுப் பிரிவில் பாயிண்ட் ஷூவுக்குத் (கால்விரல் நுனியில் நின்று ஆட உதவும் பாலே காலணி) தடையோ கட்டுப்பாடோ இருக்கலாம். நல்ல ஐட்டம் தவறான பிரிவில் போனால் நடுவர் என்ன செய்வார், பாவம். அந்தப் பிரிவின் அளவுகோலில்தான் மதிப்பெண் போட முடியும்.

நேர வரம்பை நொடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2:30 என்றால் 2:30. முதல் அசைவிலிருந்து கணக்கா, முதல் ஒலியிலிருந்து கணக்கா என்றும் பாருங்கள். அமைதியில் தொடங்கும் படைப்புகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வரம்புக்குப் பத்து நொடி குறைவாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வீடியோ

தேர்வுக் குழுவினர் ஒரே நாளில் ஏராளமான வீடியோக்களைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு உங்கள் உடல் தெளிவாகத் தெரிந்தால் போதும். பெரும்பாலான போட்டிகள் ஒரே கேமரா, வெட்டு ஒட்டு இல்லாத ஒரே ஷாட் என்று கேட்கும். அதை மீறி அழகாக எடிட் செய்து அனுப்பினால் எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

கேமராவை முக்காலியில், ஆடுபவரின் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் கால் நீண்டு தெரியும், தலைக்கு மேல் வைத்தால் குதிப்பின் உயரம் காணாமல் போகும். போனில் உள்ள வைட் லென்ஸைத் தவிருங்கள். ஓரங்களில் உடல் வளைந்து தெரியும். அதற்குப் பதில் எட்டு பத்து மீட்டர் பின்னால் போய் சாதாரண லென்ஸில் எடுங்கள். குதிக்கும்போது தூக்கிய கையும் தரையில் பாதமும் எப்போதும் படச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) இருக்க வேண்டும். அதனால் ஆடும் இடத்தின் எல்லையைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆடுபவர் நகர நகரப் படம் வெளுத்தும் கறுத்தும் மாறும். நொடிக்கு 50 அல்லது 60 படச் சட்டத்தில் எடுத்தால் வேகமான காலடிகள் மங்காது. பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. கறுப்புத் திரைக்கு முன் கறுப்பு உடை போட்டால் முகமும் கையும் மட்டும் மிதக்கும். கண்ணாடிச் சுவரைப் பார்த்து ஆடும் பயிற்சி அறை வீடியோ வேண்டாம். ஆடுபவரின் கண் தன் பிம்பத்திலேயே இருக்கும், அது உடனே தெரிந்துவிடும்.

இசையைப் பிறகு தனியாக ஒட்டுகிறவர்கள் கவனிக்க: நொடிக்கு 25 சட்டம் ஓடும் வீடியோவில் ஒரு சட்டம் 40 மில்லிநொடி. மூன்று சட்டம் தள்ளிப்போனாலே ஆடுபவருக்குத் தாளம் சரியில்லாத மாதிரி தெரியும். அறையில் ஒலித்த இசையோடு எடுப்பதே நேர்மையானது, பாதுகாப்பும்கூட.

லிங்க் அனுப்புவதில் நடக்கும் விபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்று வைத்தால் லிங்க் உள்ளவர் பார்க்கலாம். ‘பிரைவேட்’ என்று வைத்தால் நீங்கள் தனியாக அழைத்தவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது. உங்கள் கணினியில் உங்கள் கணக்கிலேயே திறந்து பார்ப்பதால் உங்களுக்கு இது தெரியாது. கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். பதிப்புரிமை உள்ள பாட்டென்றால் யூடியூபின் தானியங்கிச் சோதனை சில நாடுகளில் மட்டும் வீடியோவை முடக்கலாம், அல்லது ஒலியை அணைத்துவிடலாம். அங்கே ஒலியில்லாத நடனத்தைத் தேர்வுக் குழு பார்த்துக்கொண்டிருக்கும், உங்களுக்கு எந்தத் தகவலும் வராது. முடிந்தால் அந்த நாட்டிலுள்ள ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வழியாகக் கை மாறிய ஃபைலைப் பதிவேற்றாதீர்கள், தரம் குறைந்திருக்கும். கடைசித் தேதி 23:59 என்றால் போட்டி நடக்கும் ஊரின் 23:59. மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

எதை ஆடுவது

ஆடுபவர்கள் தங்கள் திறமையின் உச்ச எல்லையில் இருக்கும் வேரியேஷனை (பாலேயில் வரும் குறுகிய தனி நடனம்) தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர்களும் அதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். நல்ல நாளில் பத்தில் ஆறு முறை சரியாக வரும் சுழற்சி, பயணக் களைப்பும் பழக்கமில்லாத தரையும் சேர்ந்த நாளில் எத்தனை முறை வரும்? பத்தில் ஒன்பது முறை வருவதை மட்டும் மேடைக்குக் கொண்டுபோங்கள். ‘ஜிசெல்’ என்ற பாலேயின் முதல் அங்கத்து வேரியேஷனைப் பலர் மென்மையானது என்று நினைத்து எடுக்கிறார்கள். அதில் ஒரே காலில் பாயிண்ட்டில் தொடர்ந்து துள்ளிப் போகும் பகுதி வருகிறது. கணுக்காலும் பாதமும் அதற்கென்றே பல மாதம் தயாராகாவிட்டால் பாதியில் முழங்கால் மடங்கும், பிறகு முகத்தில் பயம் வரும். 15 வயதுக்காரருக்கு வாழ்ந்து களைத்த பெண்ணின் பாத்திரத்தைக் கொடுப்பதும் இதே வகைத் தவறு.

பல போட்டிகள் வேரியேஷன் பட்டியலைத் தாங்களே தரும். எந்த வடிவம், எந்த இசைப்பதிவு என்பதுவரை சொல்லும். அங்கே உங்களுக்கு வசதியான மெதுவான பதிவைப் பயன்படுத்த முடியாது. முதல் நாளிலிருந்தே அவர்கள் கொடுத்த வேகத்தில் பழகுங்கள். கன்டெம்பரரிக்கும் பட்டியல் இருந்தால், கிளாசிக்கலில் காட்டாத குணத்தைக் காட்டும் ஒன்றை எடுங்கள். இரண்டிலும் வேகமும் குதிப்புமாக இருந்தால் பாதி உங்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

உரிமை விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆடுபவர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாததாக நினைக்கிறார்கள். நடன அமைப்பும் பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்புதான். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பாலேக்களின் வழிவழி வந்த வேரியேஷன்களில் பொதுவாகச் சிக்கல் இல்லை. இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகளுக்கு அனுமதி வேண்டும். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பேலன்சினின் படைப்புகளுக்கு 1987-ல் அமைந்த பேலன்சின் டிரஸ்டிடம் கேட்க வேண்டும். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டதை ‘ஆசிரியர் அமைத்தது’ என்று எழுதி அனுப்பினால், நடுவர் வரிசையில் அந்தப் படைப்பில் ஆடியவரே உட்கார்ந்திருக்கலாம்.

நடன அமைப்பாளருக்கு

இருபது நிமிடப் படைப்பைச் சுருக்கி ஆறு நிமிடமாக்கி அனுப்புவதுதான் மிகப் பரவலான பிழை. சுருக்கும்போது உச்சங்களை மட்டும் வைத்துக்கொள்வோம். அவற்றுக்குக் காரணமான மெதுவான பகுதிகள் போய்விடும். பார்ப்பவருக்கு, காரணமில்லாமல் ஆறு நிமிடம் கத்துவதாகத் தோன்றும். நீளம் குறைவென்றால் ஒரே கருவை எடுத்து அந்த நீளத்துக்கென்றே செய்யுங்கள். முழுப் படைப்பின் ஒரு பகுதியை விதி அனுமதித்தால், நடுவிலிருந்து வெட்டாமல் தொடர்ச்சியான ஒரு துண்டாகக் கொடுங்கள்.

ஆட்களின் எண்ணிக்கை கலை முடிவு மட்டும் அல்ல. ஐந்து பேர் என்றால் ஐந்து விசா, ஐந்து டிக்கெட், ஐந்து பேரின் விடுமுறை. போட்டி தங்குமிடம் தந்தாலும் எத்தனை பேருக்கு என்று விதிப்புத்தகத்தில் இருக்கும். முதல் முறை போகிறவருக்கு சோலோவும் டூயட்டும் போதும். ஒவ்வொருவருக்கும் மாற்றாள் யார் என்று விண்ணப்பிக்கும்போதே யோசியுங்கள். மாற்றாளை அனுமதிக்காத போட்டிகளும் உண்டு.

படைப்புக் குறிப்பு 100 சொல் என்று கேட்டால் 100 சொல்தான். ‘மனித இருப்பின் தேடல்’ என்று தொடங்கும் குறிப்பை யாரும் இரண்டாம் வரி படிப்பதில்லை. உடல் என்ன செய்கிறது, எந்தக் கட்டுப்பாட்டுக்குள் அசைவுகளைக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்: ‘இருவரும் ஆறு நிமிடமும் தொடர்பை விடுவதில்லை, எடை யாரிடம் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே போகிறது.’ இதைப் படித்தவர் வீடியோவில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்வார்.

லைட்டிங்கில் அடக்கம் வேண்டும். ஒரே மாலையில் பல படைப்புகள் வருவதால் பொதுவான விளக்கு அமைப்பு ஒன்றை ஏற்கெனவே மாட்டியிருப்பார்கள். உங்களுக்கென்று விளக்கைத் திருப்ப மாட்டார்கள். அவர்கள் அனுப்பும் விளக்கு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏழெட்டு கியூவுக்குள் (விளக்கு மாற வேண்டிய தருணம்) முடியுங்கள். ஒவ்வொரு கியூவுக்கும் எந்த அசைவில் அல்லது எந்த நொடியில், எத்தனை நொடியில் மாற வேண்டும், மேடையின் எந்தப் பகுதி என்று ஒரு அட்டவணை கொடுங்கள். மேடை ஒத்திகை மிகக் குறுகியதாகவே கிடைக்கும். அதில் ஆடிப் பார்க்க ஆசைப்படுவார்கள். முதலில் கியூக்களை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் ஆடுங்கள். தரையில் தண்ணீர், பொடி, இலை, மண் எதுவும் வேண்டாம். அடுத்த ஆளுக்கு முன் துடைக்க நேரமில்லாததால் பெரும்பாலும் தடை இருக்கும்.

இசைக்கு இரண்டு வகை அனுமதி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மேடையில் ஒலிக்கச் செய்வதற்கான உரிமத்தை வழக்கமாக அரங்கமோ அமைப்பாளரோ வைத்திருப்பார். வீடியோவோடு சேர்த்து வெளியிடுவதற்கும் நேரலைக்கும் அது போதாது. பாட்டை வெட்டி ஒட்டுவதற்கும் தனி அனுமதி தேவைப்படலாம். முப்பது நொடிக்குள் எடுத்தால் அனுமதி வேண்டாம் என்பது கட்டுக்கதை. நண்பர் ஒருவர் இசையமைத்துத் தந்தாலும், போட்டி, நேரலை, பின்னால் வரும் பயணம் ஆகிய மூன்றுக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஃபைலை சுருக்காத வேவ் வடிவில் வைத்திருங்கள். ஃபைல் பெயரில் பிரிவு, ஆடுபவர் பெயர், நீளம் இருக்கட்டும். இரண்டு பென் டிரைவ். இரண்டும் ஒரே பையில் வேண்டாம்.

ஆவணங்கள்

விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் விண்ணப்பப் பெயரில்தான் வரும், விசா கடவுச்சீட்டுப் பெயரில். ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கு (சுவிட்சர்லாந்தும் இதில் சேரும்) விசா வேண்டியவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு. அந்த 15 நாளை நம்பாதீர்கள், நேர்முகத் தேதி கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும். கடவுச்சீட்டு அங்கிருந்து கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம், யாருடன் போகிறார் என்ற விவரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். நடனக் காயம் காப்பீட்டில் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சில பாலிசிகள் போட்டி விளையாட்டை விலக்கும்.

போன பிறகு

நேர மண்டலம் மாறினால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று உடல் கேட்கும். அவ்வளவு நாள் முன்பே போவது எல்லாருக்கும் முடியாது. கிளம்பும் முன்பே தூக்க நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

மேடை சரிவானதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பழைய ஐரோப்பிய அரங்குகளில் பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்திருக்கும். 4 சதவீதச் சரிவு என்றால் ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர். பத்து மீட்டர் ஆழமுள்ள மேடையில் முன்னுக்கும் பின்னுக்கும் 40 சென்டிமீட்டர். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரூவெட்டில் (ஒரே காலில் சுழலும் சுழற்சி) எடை தானாக முன்னால் சாயும், மேடையைச் சுற்றி வரும் மனேஜில் பாதி ஏற்றமும் பாதி இறக்கமுமாக இருக்கும். சரிவில்லாத ஊரில் பழகுகிறவர்கள் சரியும் பலகை ஒன்றின் மேல் நின்று சமநிலை பழகலாம். சுழல வேண்டாம், கணுக்கால் போய்விடும். மேடை ஒத்திகையில் முதலில் சுழற்சியையும், குதித்து இறங்கும் இடங்களையும் முயலுங்கள்.

பாயிண்ட் ஷூ மூன்று ஜோடியாவது: வகுப்புக்கு ஒன்று, மேடைக்குப் பழக்கி வைத்தது ஒன்று, பாதி பழகிய மாற்று ஒன்று. இவையும் உடையும் இசையும் கைப்பையில் போகட்டும். சரக்குப் பெட்டி ஒரு நாள் தாமதித்தால் வேறு வழியில்லை. காலணி வழுக்காமல் இருக்கப் பூசும் ரோசின் பொடிக்குச் சில அரங்குகளில் அனுமதி இல்லை. உடையை அணிந்து, தலையலங்காரம் ஹேர்பின் வரை முழுதாக, பலமுறை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில் வேரியேஷனைச் சிறிய இடைவெளி விட்டு இரண்டு முறை தொடர்ச்சியாக ஆடுங்கள். படபடப்பில் இதயத் துடிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், ஒரு முறைக்கான மூச்சு போதாது.

கடைசி வாரங்களில் எடை குறைக்க முயலவே கூடாது. போதாத உணவும் அதிகப் பயிற்சியும் சேர்ந்தால் எலும்பு, மாதவிடாய், மனநிலை எல்லாம் பாதிக்கும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. சில போட்டிகள் மருத்துவர் சான்று கேட்பது இதற்காகத்தான்.

வகுப்பும் மதிப்பெண்ணில் சேருகிற போட்டியென்றால், பயிற்சியாளர் சொன்ன திருத்தத்தை அடுத்த முறையே செய்து காட்டுகிறாரா என்று பார்ப்பார்கள். பள்ளிகள் தேடுவது அந்தக் குணத்தைத்தான். மூன்று சுழற்சிக்குப் பதில் இரண்டு சுற்றிச் சுத்தமாக முடித்தாலும் குறையில்லை. பின்வரிசையில் ஒளிய வேண்டாம். மற்றவர் பாதையில் குறுக்கிடவும் வேண்டாம்.

முடிவு வந்த பிறகு அரங்கை விட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். நடுவர் கருத்து கேட்க நேரம் ஒதுக்கியிருந்தால் ஒரே கேள்வியோடு போங்கள்: இப்போது எதைத் திருத்த வேண்டும். பள்ளி அழைப்பு வந்தால் உதவித்தொகை படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமா, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தா, ஓராண்டுக்கா முழுப் படிப்புக்கா, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘முழு உதவித்தொகை’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு பொருள் வைத்திருக்கிறது. நடன அமைப்பாளர் என்றால், போட்டியில் எடுத்த வீடியோ பதிவை நீங்கள் பயன்படுத்தலாமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல வீடியோ கிடைப்பது அரிது.